ஏழில் ஒன்று: ஒரு மராமத்துக் கணக்கைக் கணினியில் ஏற்றிய அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டம், தோவாளைத் தாலுகாவில் ஓர் ஊர். பழையாற்றுத் தண்ணீரில் விளையும் வயல், மூன்று குளம், பத்துப் பதினைந்து மடை. அந்த ஊரின் குளமராமத்துக் கணக்குப் புத்தகங்கள் ஆறு, ஒரு பழைய பத்தாயத்துக்குள் இருந்து என் கைக்கு வந்தன. இங்கே அப்போது வழங்கிய கொல்லம் ஆண்டில் 1068 முதல் 1094 வரை, நடுவில் மூன்று ஆண்டுகள் இல்லை. ஆங்கில ஆண்டில் சொன்னால் 1892 முதல் 1919 வரை. எல்லாம் காகிதம்தான், ஓலை இல்லை. ஊர்ப் பெயரை நான் சொல்லப் போவதில்லை. காரணம் பின்னால் வரும்.

நாஞ்சில் நாட்டுப் பாசனம்தான் என் முனைவர் பட்ட ஆய்வின் பொருள். இந்தப் புத்தகங்களைப் படமெடுத்து, தட்டச்சு செய்து, அட்டவணையாக்கி, நிலப்படத்தில் பொருத்த ஒன்றேகால் வருஷம் ஆயிற்று. அதில் என்ன செய்தேன், எங்கே தவறினேன், எப்படித் திருத்தினேன் என்று எழுதி வைக்கிறேன். வீட்டுப் பரணில் இதே மாதிரி ஒரு கட்டு கிடக்கிறது, எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை என்று என்னிடம் கேட்டவர்கள் இந்த மாவட்டத்திலேயே சிலர் உண்டு. அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்பத்தின் பழைய ஓலைகளைக் கவிமணி தேடியெடுத்த பக்கம் இது. இன்னும் எந்தப் பத்தாயத்துக்குள் என்ன கிடக்கிறதோ.

புத்தகங்களை வைத்திருந்தவருக்கு எண்பத்து நான்கு வயது. கணக்கு எழுதியவர்களில் ஒருவரின் பேரன். நான் அவரைப் பாட்டா என்றுதான் கூப்பிடுகிறேன். புத்தகத்தை வெளியே கொண்டுபோகக் கூடாது, அவர் வீட்டுத் திண்ணையிலேயே எல்லாம் நடக்க வேண்டும் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. அது எனக்கு எவ்வளவு பெரிய உதவியாக முடிந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

படமெடுப்பது

தச்சரிடம் சொல்லி ஒரு சட்டம் செய்தேன். அடியில் பலகை, மேலே குறுக்குக்கட்டை, அதில் கைப்பேசி குப்புறப் படுக்க ஒரு துளை. இரண்டு பக்கமும் சாய்வாக ஒவ்வொரு எல்இடி குழல் விளக்கு. புத்தகத்துக்கு அடியில் கறுப்புத் துணி, பக்கத்தில் ஒரு அடிஸ்கேல். ஸ்கேல் ஒவ்வொரு படத்திலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் பக்கத்தின் அளவு தெரியாமல் போய்விடும். செலவு ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.

தொடங்கியது ஆனி மாதம். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனி, ஆடியில் சாரல் விடாது. பத்தாயத்தை விட்டு எடுத்த புத்தகம் ஈரக்காற்றில் ஒரு மணி நேரம் இருந்ததுமே தாள் ஒன்றோடு ஒன்று ஒட்டத் தொடங்கியது. அதோடு நிறுத்தினேன். புத்தகங்களைத் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துவிட்டு, மாசி வெயில் வரும்வரை காத்திருந்தேன். அந்த எட்டு மாதம் வீண் என்று அப்போது நினைத்தேன். அவசரப்பட்டிருந்தால் இரண்டாம் புத்தகத்தின் பின்பாதி இன்று இருந்திருக்காது.

பங்குனியில் முதல் 140 பக்கம் எடுத்து முடித்ததும் ஒரு தவறு செய்தேன். கைப்பேசியில் இடம் போதவில்லை என்று படங்களை நகரத்தில் ஒரு கடையில் கொடுத்து, வரிசைப்படுத்தி பிடிஎப் ஆக்கித் தரச் சொன்னேன். கைப்பேசியிலிருந்து அழித்தும் விட்டேன். திரும்பி வந்த கோப்பு, அளவைக் குறைப்பதற்காக நன்றாகச் சுருக்கப்பட்டிருந்தது. சாதாரண எழுத்து படிக்க முடிந்தது. பின்னக் குறிகளின் சின்னச் சுழிகள் மட்டும் கரைந்து ஒன்றாகிவிட்டன. இந்தக் கணக்குக்கு உயிரே அந்தச் சுழிதான். 140 பக்கமும் மறுபடி எடுத்தேன். அன்றிலிருந்து மூலப்படத்தைத் தொடுவதில்லை. இரண்டு வன்தட்டில் இரண்டு நகல், ஒன்று என் வீட்டில், ஒன்று பாட்டா வீட்டில். வேலைக்கு வேறு நகல். ஒவ்வொரு படத்துக்கும் புத்தக எண், பக்க எண் சேர்த்து ஒரே மாதிரிப் பெயர்: 'பு3-ப047' என்றால் மூன்றாம் புத்தகம், 47-ஆம் பக்கம். இந்தச் சின்னப் பெயர்தான் பின்னால் என்னைக் காப்பாற்றியது.

இயந்திரம் படிக்குமா?

முதலில் ஓசிஆர், அதாவது படத்திலுள்ள எழுத்தைக் கணினியே படிக்கும் முறை, போட்டுப் பார்த்தேன். டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருள் அச்சுத் தமிழை இப்போது நன்றாகவே படிக்கிறது. ணை, லை, னை எல்லாம் துதிக்கை வைத்த பழைய வடிவத்தில் இருக்கும் 1978-க்கு முந்தைய அச்சில் கொஞ்சம் தடுமாறும், அவ்வளவுதான். கையெழுத்து வேறு விஷயம். புள்ளி வைக்காத மெய், குறில் நெடில் பிரியாத எ, ஏ, கூட்டெழுத்து, வரிக்கு நடுவில் குறிகள். வந்ததில் ஒரு வரியும் தேறவில்லை.

டிரான்ஸ்கிரிபஸ் போன்ற கருவிகளுக்கு நாமே ஒரு கையெழுத்தைக் கற்றுக்கொடுக்கலாம். அதற்கு 5,000 முதல் 15,000 சொல் வரை நாம் சரியாகப் படித்துக் கொடுக்க வேண்டும். என்னிடம் இருந்தது இரண்டு கணக்குப்பிள்ளைகளின் கை. இருவருக்கும் தனித்தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டுமென்றால், கிட்டத்தட்ட முழுப் புத்தகத்தையும் நானே படித்து முடித்திருப்பேன். பல்லாயிரம் பக்கம் உள்ள ஆவணக்காப்பகத்துக்கு அது நல்ல வழி. ஆறு புத்தகத்துக்கு என் கையே போதும். நாலாயிரத்துச் சொச்சம் வரி, ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது என்று தட்டினேன்.

பழைய தமிழ்க் கணக்கில் 1 என்பது 'க' போலவே இருக்கும், 2 'உ' போல, 7 'எ' போல, 8 'அ' போல, 10 'ய' போல, 100 'ள' போல. கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீடான யூனிகோடில் எண்ணுக்குத் தனி இடம், எழுத்துக்குத் தனி இடம். அவசரத்தில் ௮ என்பதற்கு 'அ' என்று தட்டினால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கணினிக்கு அது எண்ணே இல்லை. கூட்டலில் சத்தமில்லாமல் விட்டுவிடும். பின்னக் குறிகள் 2019-ல்தான் யூனிகோடில் சேர்ந்தன. விசைப்பலகையில் அவற்றைத் தட்ட வழி கிடைக்கவில்லை. அதனால் ஒரே வரியை இரண்டு கட்டத்தில் எழுதினேன். ஒன்றில் மூலத்தில் உள்ளபடி, பின்னத்தைப் பெயர் சொல்லி. அடுத்ததில் என் வாசிப்பு, இன்றைய எண்ணில். மூன்றாவதாக ஒரு கட்டம்: 'உறுதி' அல்லது 'ஐயம்'. நான்காவதில் படத்தின் பெயர்.

பின்னத்துக்குத் தசமம் போடவில்லை. முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. அதையே அடி அலகாக வைத்தால் எல்லாம் முழு எண்ணாகிவிடுகிறது. காணி 4, மா 16, வீசம் 20, அரைக்கால் 40, கால் 80, அரை 160, முக்கால் 240, ஒன்று 320. நம் முன்னோர் கணக்குக்குக் கீழ்வாயிலக்கம் என்ற பின்ன வாய்பாட்டைத்தான் மனப்பாடம் செய்தார்கள். அந்த அலகிலேயே கணினியையும் ஓட விட்டால் உதிரி எண் சேர்ந்து பிசகும் தொல்லை இல்லை.

மேற்படி

மூன்றாம் மாதம் ஒரு விபத்து. கணக்குப்பிள்ளை ஒரு மடையின் பெயரை ஒரு தரம் எழுதிவிட்டு, கீழே வரும் வரிகளில் எல்லாம் ௸ என்று மேற்படிக் குறி போட்டிருந்தார். நானும் உள்ளது உள்ளபடியே அப்படித் தட்டியிருந்தேன். ஒரு நாள் தொகையின்படி பெரியதிலிருந்து சிறியதாக வரிசை மாற்றிப் பார்த்தேன். சேமித்தும் விட்டேன். அதோடு ஒவ்வொரு மேற்படியும் தன் தாயை விட்டுப் பிரிந்துவிட்டது. ஆயிரத்து நூறு வரிக்கு மேல் 'மேற்படி' என்று நிற்கிறது, எந்த மடைக்கு மேற்படி என்று அட்டவணைக்குத் தெரியாது.

படத்தின் பெயரும் வரி எண்ணும் ஒவ்வொரு வரியிலும் இருந்ததால் பழைய வரிசைக்குத் திரும்ப முடிந்தது. அரை நாளில் சரியாகிவிட்டது. ஆனால் அந்த அரை நாள் என்னை நிறைய யோசிக்க வைத்தது. புத்தகத்தில் ஒரு வரிக்குப் பொருள் அதன் இடத்தில் இருக்கிறது. மேலே என்ன, கீழே என்ன, எந்தப் பக்கத்தின் தலையில் என்ன எழுதியிருக்கிறது. அட்டவணை அந்த இடத்தைப் பிடுங்கிவிட்டு வரியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அந்த இடத்தை நாம்தான் வேறு கட்டத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதும்போதே ஒரு முடிவு எடுக்கிறோம். 'மேற்படி' என்பதற்கு மேலமடை என்று நான் நிரப்பியது என் வாசிப்பு, கணக்குப்பிள்ளை எழுதியது இல்லை. அதனால் நிரப்பியதைத் தனி நிறத்தில் வைத்தேன்.

கொல்லம் ஆண்டை மாற்றுவதிலும் இப்படி ஒரு சறுக்கல். முதலில் எல்லா ஆண்டோடும் 825 கூட்டினேன். நம் பக்கம் கொல்லம் ஆண்டு ஆவணி முதல் தேதி பிறக்கிறது. ஆவணியிலிருந்து மார்கழிப் பாதிவரை 824 கூட்ட வேண்டும், அதற்குப் பிறகு ஆடி முடிய 825. கார்த்திகை வெள்ளத்துச் செலவு ஒவ்வொன்றும் ஒரு வருஷம் தள்ளி உட்கார்ந்திருந்தது. மாதத்தைப் பார்த்துக் கூட்டும்படி சூத்திரத்தை மாற்றினேன்.

பங்கு 304

ஒவ்வொரு மடைக்கும் யார் யார் எத்தனை பங்கு மராமத்துச் செலவு தர வேண்டும் என்று ஒரு பங்குப் பட்டியல் உண்டு. எல்லாப் பங்கும் சேர்ந்தால் ஒன்று வர வேண்டும். முந்திரியில் 320. எல்லா மடையையும் கூட்டிப் பார்த்தேன். நடுமடைக்கு மட்டும் 304 வந்தது. 16 குறைவு. 16 முந்திரி என்றால் சரியாக ஒரு மா.

படத்தைப் பெரிதாக்கிப் பாட்டாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இத மும்மான்னா எழுதி வச்சிருக்க? மும்மா இல்ல மக்ளே, நாலுமா. இந்தச் சுழி கீழ எறங்கியிருக்கு பாரு. எங்க தாத்தா அப்பிடித்தான் போடுவாரு."

மும்மா 48, நாலுமா 64. வித்தியாசம் 16. கூட்டல் 320-க்கு வந்து நின்றது. அந்தச் சுழியை மனதில் வைத்துக்கொண்டு மற்ற புத்தகங்களில் தேடினேன். அதே கையில் பதினோரு இடத்தில் நான் நாலுமாவை மும்மா என்று படித்திருந்தேன்.

எங்கே பார்க்க வேண்டும் என்று கணினி சொன்னது. என்ன எழுதியிருக்கிறது என்று பாட்டா சொன்னார். இந்த இரண்டையும் அட்டவணையிலேயே எழுதி வைத்திருக்கிறேன்: முதல் வாசிப்பு, திருத்திய வாசிப்பு, திருத்தியது எதனால், யார் சொல்லி. ஆய்வேட்டில் இந்தத் திருத்தத்துக்கு அடிக்குறிப்பு உண்டு. அதில் பாட்டாவுக்கு நன்றி மட்டும் சொன்னால் போதாது, வாசித்தவர் அவர் என்று எழுத வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

ஏழில் ஒன்று

இனி என் ஆய்வு தலைகீழாகக் கவிழப் பார்த்த கதை.

பேச்சிப்பாறை அணை 1906-ல் முடிந்தது. கோதையாற்றுத் தண்ணீர் கால்வாய் வழியாக நாஞ்சில் நாட்டுக்கு வந்தது. என் ஆய்வின் முக்கியமான கேள்வி, அணை வந்த பிறகு ஊர் தன் குளத்தையும் மடையையும் பார்த்துக்கொண்ட விதம் மாறியதா என்பது. வருடாந்தரச் செலவைக் கூட்டி ஒரு வரைபடம் போட்டேன். 1081 வரை ஏறி இறங்கிப் போன கோடு 1082-ல் செங்குத்தாக விழுந்தது. அதற்குப் பிறகு தரையோடு தரையாகப் போனது. கொல்லம் 1082 என்றால் 1906 ஆவணி முதல் 1907 ஆடி வரை. அணை முடிந்த அதே சமயம்.

அந்த இரவு நான் தூங்கவில்லை. அணை வந்தது, ஊர் மராமத்தைக் கைவிட்டது. ஒரு அத்தியாயமே கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் நெறியாளருக்குப் படத்தை அனுப்பினேன்.

அவர் கணினி வேலையில் அவ்வளவு நம்பிக்கை இல்லாதவர். "கோடு போட்டால் வரலாறு ஆகிவிடுமா? எத்தனை பங்கு குறைந்திருக்கிறது, அதைச் சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டார். கணக்குப் போட்டேன். முந்தைய ஐந்து ஆண்டின் சராசரியில் ஏழில் ஒரு பங்கு. ஏழு என்ற எண்ணைப் பார்த்ததும் வயிற்றில் ஏதோ செய்தது. இந்தப் பக்கம் அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய்.

திண்ணைக்கு ஓடினேன். நான்காம் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். 1082-ல் கணக்குப்பிள்ளை மாறியிருக்கிறார். பழையவர் பணம், சக்கரம், காசு என்று மூன்று கட்டமாக எழுதியவர். புதியவர் ரூபாய், சக்கரம், காசு என்று எழுதியிருக்கிறார். அதைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், ஒரே ஒரு தரம், தலைப்பில் ௹ என்று குறித்திருக்கிறார். பிறகு எல்லாம் வெறும் எண். அந்தப் பக்கத்தின் ஓரம் பூச்சி தின்றிருந்ததால் நான் கவனிக்காமல் விட்டு, எல்லாவற்றையும் பணமாகவே ஏற்றியிருந்தேன்.

சரி, இது ஊகம்தானே, நிரூபிக்க வேண்டுமே. அதற்குக் கணக்குப்பிள்ளையே வழி வைத்திருந்தார். பணக் கணக்கில் நடுக்கட்டத்தில் 3-க்கு மேல் வரவே முடியாது, 4 சக்கரம் ஆனால் பணமாகிவிடும். நான்காம் புத்தகத்தின் நடுக்கட்டத்தில் 19, 22, 26 என்று வருகிறது. 28 எங்கும் இல்லை. 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அப்புறம் அடித்தொகை. ஒரு பக்கத்தில் 3 ரூபாய் 19 சக்கரம் 8 காசு, அடுத்து 2 ரூபாய் 22 சக்கரம் 12 காசு, அடியில் மொத்தம் 6 ரூபாய் 14 சக்கரம் 4 காசு. காசைக் கூட்டினால் 20, அதாவது ஒரு சக்கரம் 4 காசு. சக்கரம் 19, 22, ஏறியது ஒன்று, ஆக 42. அதில் 28 போனால் 14, ரூபாயில் ஒன்று ஏறும். காசு வரை பொருந்துகிறது. 4 சக்கரம் ஒரு பணம் என்று வைத்துக் கூட்டினால் எந்தப் பக்கமும் பொருந்தவில்லை.

நூற்றுப் பதினைந்து வருஷத்துக்கு முன் அவர் தன் பிழையைத் தானே கண்டுபிடிக்க அடியில் போட்ட மொத்தம், இன்று என் பிழையைக் கண்டுபிடித்தது. பிறகு எல்லாப் பக்கத்துக்கும் இந்தச் சோதனையை ஓட விட்டேன். நடுக்கட்டம் எல்லை தாண்டினால் சிவப்பு, அடித்தொகை பொருந்தாவிட்டால் மஞ்சள். நெல்லுக்கும் அப்படியே. நம் பக்கம் 21 மரக்கால் ஒரு கோட்டை, ஆகவே மரக்கால் கட்டத்தில் 20-க்கு மேல் வந்தால் நான் எங்கோ தவறாகப் படித்திருக்கிறேன். இந்தச் சோதனையை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். கணக்குப் புத்தகத்தை எடுப்பவர்கள் தட்டச்சுக்கு முன்னாலேயே அலகுகளின் எல்லையை அட்டவணையில் கட்டிவிடுங்கள்.

எல்லாவற்றையும் காசாக மாற்றி மறுபடி கோடு போட்டேன். பள்ளம் போய்விட்டது. செலவு முன்போலவே ஏறி இறங்கிப் போகிறது. ஆனால் இப்போது வேறொன்று தெரிந்தது. முந்தைய புத்தகங்களில் ஆற்றில் மண்ணும் தழையும் போட்டுத் தண்ணீரைத் திருப்பும் கொரம்புச் செலவு வருஷத்துக்கு வருஷம் வருகிறது. 1084-க்குப் பிறகு அது அரிதாகி, வாய்க்கால் தூர்வாரும் செலவு அந்த இடத்தைப் பிடிக்கிறது. ஊர் மராமத்தை விடவில்லை, மராமத்தின் வேலை மாறியிருக்கிறது. இது அணையால் ஆனதா, புதிய கணக்குப்பிள்ளை செலவை வேறு தலைப்பில் எழுதியதால் ஆனதா என்று பிரிக்க இன்னும் இரண்டு ஊர்க் கணக்காவது வேண்டும். திருவனந்தபுரம் ஆவணக்காப்பகத்தில் மராமத்துத் துறைக் கோப்புகளில் தேடிக்கொண்டிருக்கிறேன். முதல் கோடு மாதிரி இது ஒரே பார்வையில் அத்தியாயம் தருவதில்லை. ஆனால் இந்தக் கேள்வியை நம்பி அடுத்த இரண்டு வருஷம் வேலை செய்ய முடியும்.

இந்த முழுக் கதையையும், அந்தத் தவறான கோடு உட்பட, நெறியாளரிடம் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவர் அட்டவணையைத் திறந்து பார்த்தார். மூன்று மணி நேரம். கடைசியில், இதைப் பின்னிணைப்பில் தள்ள வேண்டாம், ஆய்வுமுறை அத்தியாயத்தில் எழுதுங்கள் என்றார். எந்தக் கட்டத்தை எப்படி நிரப்பினீர்கள் என்பது உங்கள் வாதத்தின் பகுதி என்பது அவர் சொன்ன காரணம். ஒன்றேகால் வருஷத்தில் எனக்குக் கிடைத்த பெரிய நிறைவு அதுதான்.

நம் துறைக்கு இது புதிதும் இல்லை. நொபொரு கராஷிமா, சுப்பராயலு, மட்சுயி என்ற ஆய்வாளர்கள் மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைக் கணினி கொண்டு தொகுத்து 1978-லேயே வெளியிட்டார்கள். பட்டப்பெயர் எங்கே கூடுகிறது, யார் கையில் நிலம் என்ற கேள்விகளை எண்ணிக்கையோடு கேட்க முடிந்தது அப்படித்தான். அவ்வளவு பழைய வழியை இன்றைக்கும் சில இடங்களில் 'தொழில்நுட்ப உதவி' என்று ஒதுக்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில், மென்பொருள் சொன்னதால் சரி என்று எழுதுவதும் நடக்கிறது. அட்டவணையை ஒரு பதிப்பு போலப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். சுவடியைப் பதிப்பித்தவர் பாடபேதம் காட்டுகிற மாதிரி, அட்டவணை செய்தவரும் தன் ஐயங்களைக் காட்ட வேண்டும்.

நிலப்படம்

நிலப்பட வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்தை வார்டு, கானர் என்ற இரண்டு லெப்டினன்ட்கள் 1816 முதல் 1820 வரை அளந்திருக்கிறார்கள். நான் பயன்படுத்தியது அதற்கு வெகுகாலம் பின்னால் வந்த, ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல் அளவுள்ள சர்வே தாள். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் அதை இன்றைய படத்தின்மேல் பொருத்த, இடம் மாறாத புள்ளிகள் வேண்டும். சாலை முக்கும் ஆற்று வளைவும் மாறியிருக்கும். சுசீந்திரம் கோபுரம், மருந்துவாழ்மலை உச்சி, கோயில் தெப்பக்குளத்து மூலைகள், இவைதான் நம்பத் தகுந்தவை. தாள் மடிப்பில் நீண்டிருந்ததால் ஒரு மூலையில் அறுபது எழுபது மீட்டர் வரை விலகுகிறது. குளத்தைக் காட்ட அது போதும், மடையைக் காட்டப் போதாது.

மடைகளைக் கால்நடையாகத்தான் கண்டுபிடித்தோம். பாட்டாவை அவர் பேரன் பைக்கில் ஏற்றிக்கொண்டு வர, நான் கைப்பேசியில் இடம் குறித்துக்கொண்டே பின்னால் போனேன். புத்தகத்தில் வரும் 'ஆவாரமடை' எந்தப் படத்திலும் இல்லை. வாழைத்தோப்பு ஓரத்தில், மண்ணுக்குள் பாதி புதைந்த இரண்டு கல் தூணைக் காட்டி "இதுதான்" என்றார் பாட்டா. தூணின் நடுவில் பலகை இறங்கும் காடி தெளிவாக இருந்தது. பதினான்கு மடையில் ஒன்பதின் இடத்தைக் குறித்தோம். இரண்டு மடை இருந்த குளத்தில் இப்போது வீடுகள்.

பெயர் இல்லாத கட்டம்

கடைசியாக, என்னை அதிகம் தொந்தரவு செய்த ஒன்று. அட்டவணையில் 'பெயர்' என்று ஒரு கட்டம் வைத்திருந்தேன். நிலம் வைத்திருந்தவர்களுக்கு வீட்டுப்பெயரோடு பெயர் இருக்கிறது. மண் வெட்டியவர்களுக்குச் சாதிப்பெயரும் 'ஆள் 12' என்ற எண்ணும் மட்டும். தொடக்கத்தில் அவர்கள் வரியில் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டேன். பெயர்வாரியாக எண்ணிப் பார்க்கச் சொன்னதும், காலிக் கட்டத்தையெல்லாம் மென்பொருள் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டது. குளத்தை வெட்டியவர்கள் யாருமே இல்லாத ஒரு குளம் வந்து நின்றது. இப்போது அந்த ஒவ்வொரு கட்டத்திலும் 'பெயர் எழுதப்படவில்லை' என்று எழுதி, ஆள் எண்ணிக்கையைத் தனியாக ஏற்றியிருக்கிறேன். வேலை நாட்களாகக் கூட்டினால் அந்தப் பெயரில்லாதவர்கள்தான் இந்தப் புத்தகங்களில் பெரும்பாலானவர்கள்.

இதே தொல்லை பெரிய அளவிலும் உண்டு. 1806-ல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்ததிலிருந்து லண்டன் மிஷன்காரர்கள் எழுதிய ஆங்கில அறிக்கைகளில் நிறைய இன்று இணையத்தில் தேடிப் படிக்கும்படி கிடைக்கின்றன. அது நல்ல விஷயம்தான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் தேடினால் வருவதை மட்டும் வைத்து எழுதினால் தென் திருவிதாங்கூரின் வரலாறு பாதி மிஷன் பங்களாத் திண்ணையிலிருந்து பார்த்ததாக ஆகிவிடும். ஊர்க்கணக்கும் கோயில் ஓலையும் தமிழிலும் மலையாளத்திலும் வட்டெழுத்திலும் பெட்டிக்குள் இருக்கின்றன. தேடுபொறிக்கு அவை இல்லை.

அப்படியானால் இந்த அட்டவணையை அப்படியே இணையத்தில் போட வேண்டாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். யார் யாருக்கு ஒற்றி வைத்தார், யார் பங்கு கட்டாமல் நின்றார், எந்தச் சாதிக்கு என்ன கூலி என்று எல்லாம் அதில் இருக்கிறது. அந்தக் குடும்பங்கள் அதே தெருக்களில் இருக்கின்றன. பாட்டாவோடும் ஊரில் இன்னும் நாலைந்து பேரோடும், மண் வெட்டியவர்களின் தெருப் பெரியவர்களோடும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். தொகை, அலகு, மாதம், வேலையின் வகை, மடை, ஆள் எண்ணிக்கை இவற்றைப் பொதுவில் வைப்பது. பெயரும் ஊரும் இல்லாமல். முழு அட்டவணையும் படங்களும் ஆய்வேட்டோடு நூலகத்தில், கேட்டு வருபவர் பார்க்கும்படி. ஊர்ப் பெயரை இங்கே சொல்லாததும் அதனால்தான்.

இப்போது அட்டவணையில் 'ஐயம்' என்று 37 வரி நிற்கிறது. அந்த 37 இடத்தையும் பெரிதாக அச்சடித்து, ஒரு தாளுக்கு ஒன்றாகப் பாட்டாவிடம் கொடுத்திருக்கிறேன். போன வாரம் போனபோது ஆறு தாளின் ஓரத்தில் பென்சிலால் குறி போட்டு வைத்திருந்தார். ஏழாவது தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என் தாத்தா கை இல்ல. வேற யாரோ நடுவுல எழுதியிருக்கான். வெளிச்சம் காணாது, காலைல வா மக்ளே" என்றார்.